மூன்றாம் எதிரியின் குறிப்புகள்

பத்திரிகையாளர்கள் மீதான அவதூறு வழக்குகளில் பெரும்பாலானவை தீர்ப்பு வரைக்கும் போவதில்லை. போக வேண்டும் என்ற எண்ணத்தோடு அவை தொடரப்படுவதும் அரிது. வாய்தாவுக்கு வாய்தா அலையவைப்பது, வழக்கறிஞர் கட்டணத்தில் வீட்டுச் செலவைப் பதம் பார்ப்பது, அடுத்த செய்தியை எழுத உட்காரும்போது ‘இது வேண்டுமா’ என்று யோசிக்கவைப்பது ஆகியவையே அந்த வழக்குகள் செய்யும் வேலை. ஒரு தமிழ் வார இதழின் மாவட்டச் செய்தியாளராக இருந்தபோது, அத்தகைய வழக்கு ஒன்றில் நான் மூன்றாம் எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது ஆளாக, சேர்க்கப்பட்டேன். முதல் எதிரி ஆசிரியர், இரண்டாம் எதிரி வெளியீட்டாளர், நான்காம் எதிரி அந்தச் செய்தியின் முதல் துப்பைக் கொடுத்த தாலுகா நிருபர். வழக்கு ரத்தான பிறகு இளைய செய்தியாளர்கள் நோட்டீஸும் கையுமாக வந்து, “அண்ணே, இதுக்கு என்ன பண்றது?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததையே இங்கே எழுதுகிறேன்.

செய்தி ஒரு கல்குவாரியைப் பற்றியது, 2018-இல் வெளியானது. குத்தகையில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டி வெட்டியிருக்கிறார்கள், ஒட்டியிருந்த புறம்போக்கிலும் கைவைத்திருக்கிறார்கள், நடைச்சீட்டில் (சரக்கை எடுத்துச்செல்ல அரசு தரும் அனுமதிச் சீட்டில்) காட்டிய அளவும் லாரிகளில் போன சரக்கும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் சாரம். இதழ் கடைக்கு வந்த சில வாரங்களில் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. தடித்த தாள், தலைப்பில் மூன்று வழக்கறிஞர்களின் பெயர்கள், எண்ணிட்ட பத்திகள். ‘எமது கட்சிக்காரரின் நற்பெயருக்கு ஈடுசெய்ய இயலாத களங்கம்’ விளைந்திருப்பதாகவும், ஏழு நாட்களுக்குள் முன்பக்கத்தில் நிபந்தனையற்ற மன்னிப்பு வெளியிட்டு 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தத் தொகையைப் படித்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “வீட்டு மேல கை வைப்பாங்களா?” என்பதுதான். நோட்டீஸ் எழுதுபவர்களும் அந்தக் கேள்வி எழ வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள்.

ஆகவே முதலில் அந்தத் தொகையைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நோட்டீஸில் 10 கோடி என்று எழுதத் தபால் செலவு போதும். 10 கோடி கேட்டு உரிமையியல் வழக்குப் போட, கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஏழரை விழுக்காடாக இருந்த இந்தக் கட்டணம் 2017-இல் 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 10 கோடிக்கு 30 லட்சம் ரூபாய் ஆகிறது. கல்குவாரிக்காரருக்கு 30 லட்சம் பெரிய பணமல்ல என்றாலும், திரும்பி வரும் என்ற உறுதியில்லாமல் அதைக் கட்ட எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டார். அச்சில் வந்த அவதூறுக்கு இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கை, வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும் என்று காலவரம்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த ஓராண்டு எந்த வழக்கும் இல்லாமலே கடந்துபோனது. 10 கோடி நோட்டீஸோடு நின்றுவிட்டது.

நோட்டீஸ் வந்த அன்று செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. உறையைத் தூக்கி எறியக் கூடாது. அஞ்சல் முத்திரையில் உள்ள தேதி பின்னால் தேவைப்படும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு தொலைபேசியில் பேசக் கூடாது. நாம் பணிவாகச் சொல்லும் ஒரு சொல் ‘தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார்’ என்று மனுவில் ஏறிவிடும். நோட்டீஸைப் படமெடுத்து முகநூலில் போட்டு வீரவசனம் எழுதக் கூடாது. பதில் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், பேசாமல் இருந்தால் ‘மறுக்கவில்லை’ என்று பிற்பாடு வாதிடுவார்கள். சுருக்கமாக, வழக்கறிஞர் வழியாக, எந்தப் புதிய தகவலையும் தராமல் பதில் அனுப்புவது நல்லது.

கட்டுரையைத் தொடக்கத்திலேயே முடக்கும் இடைக்காலத் தடைக்கு எதிராகச் செய்யக்கூடிய ஒன்று கேவியட் மனு. நம்மைக் கேட்காமல் தடை உத்தரவு பிறப்பிக்கக் கூடாது என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் போட்டுவைக்கும் மனு அது. 90 நாட்களுக்குச் செல்லும். எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டியிருப்பதுதான் இதிலுள்ள சங்கடம். இந்த ஒருதலைத் தடைகளின் ஆபத்தை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், புளூம்பெர்க் நிறுவனத்துக்கும் ஜீ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் எடுத்துச் சொன்னது. முழு விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரையை நீக்கச் சொல்வது எழுதுபவரின் உரிமையையும் வாசிப்பவரின் உரிமையையும் ஒருசேரப் பாதிக்கும் என்றும், பணபலம் படைத்தவர்கள் பொதுநலச் செய்திகளை அடக்க வழக்கை ஆயுதமாக்கும் போக்கைக் கீழமை நீதிமன்றங்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் கூறி, டெல்லி நீதிமன்றம் பிறப்பித்திருந்த தடையை அது நீக்கியது. கேவியட் போடும்போதும் தடையை எதிர்க்கும்போதும் இந்தத் தீர்ப்பின் நகல் கையில் இருப்பது நல்லது.

நிறுவனம் எங்களைக் குற்றவியல் பக்கமாகத்தான் பிடித்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. தண்டனை அதிகபட்சம் இரண்டாண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டம் சமூக சேவையையும் சேர்த்திருக்கிறது. இந்தக் குற்றப்பிரிவு அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 2016 மே மாதம், சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், அதை ஒழிப்பது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.

அவதூறு, காவல்துறை தானாகப் பதிவுசெய்து விசாரிக்கக்கூடிய குற்றமல்ல; பிணையில் விடத்தக்கதும்கூட. இதைப் பல செய்தியாளர்கள் அறியாததால், “ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க தம்பி” என்று காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும் பதறிப்போய் ஓடுகிறார்கள். எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். சாட்சியாக அழைத்தால் ஒரு பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவராக அழைத்தால் வேறொரு பிரிவு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை முறையே 179, 35(3). எந்தப் பிரிவு என்று எழுதித் தரக் கேட்டதுமே அழைப்பு ஆவியாகிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். போவதாக இருந்தால் வழக்கறிஞரோடு போக வேண்டும்; செல்பேசியைத் தாமாக ஒப்படைக்க வேண்டியதில்லை.

நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்ததால், அந்த ஊர் நீதித்துறை நடுவர் மன்றத்தில் தனிநபர் புகாராகவே வழக்கைப் போட்டிருந்தார்கள். இதழ் அங்கும் விற்கிறது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இரவுப் பேருந்து பிடித்து விடியலில் இறங்கி, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, பத்து மணிக்கு நீதிமன்ற வராந்தாவில் நிற்போம். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அங்கே இல்லையென்றால் பிடிவாரண்ட் வந்துவிடும் என்ற பயத்தில் தேநீர் குடிக்கவும் ஆளாளுக்கு முறைவைத்துத்தான் போவோம். கூப்பிட்டதும் உள்ளே போய்க் கைகட்டி நின்றால், புகார்தாரர் தரப்பில் ஒரு மெமோ, அடுத்த வாய்தா. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கல்குவாரி நிறுவனத்தின் முதலாளி அந்த மன்றத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. அதிகாரம் பெற்ற மேலாளர் ஒருவர்தான் வருவார். அவருக்கு அது சம்பள நாள். எங்கள் தாலுகா நிருபருக்கோ, செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் என்பதால், சம்பளமில்லாத நாள்.

நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நடுவர் மன்றத்திலேயே கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடும்போது அதோடு சேர்த்தும் கேட்கலாம். வெளியூர் வழக்கு என்றால் வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைத்தான் பேச வேண்டும், வழக்கின் தகுதியைப் பற்றிய விவாதம் பிறகு.

எங்கள் வழக்கறிஞர், மூத்தவர், கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பாராட்டும் சொல்லவில்லை. “கட்டுரை கிடக்கட்டும் தம்பி, ஃபைலை எடுத்துட்டு வாங்க” என்றார். செய்தி உண்மையாக இருந்தால் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உரிமையியல் வழக்கில் உண்மை முழுத் தற்காப்பு. குற்றவியல் அவதூறிலோ உண்மையாக இருப்பதோடு பொதுநலனுக்காக வெளியிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சட்டம் தரும் பத்து விதிவிலக்குகளில் பலவும் ‘நல்லெண்ணம்’ என்பதில் வந்து நிற்கின்றன. அதற்குச் சட்டம் கொடுக்கும் பொருள் உரிய கவனமும் அக்கறையும் காட்டுவது. ஆகவே வெளியிடுவதற்கு முன்பு நாம் என்னென்ன செய்து பார்த்தோம் என்பதற்குத் தாள் வேண்டும், நினைவு போதாது.

கோப்பில் மூன்று வகைத் தாள்கள் இருந்தன. கனிமவளத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில்கள்: குத்தகை ஆணை, அனுமதித்த ஆழம், அந்தக் காலாண்டில் வழங்கப்பட்ட நடைச்சீட்டுகள். அடுத்தது, ஊரார் கோட்டாட்சியரிடம் கொடுத்த மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும். மூன்றாவது, நிறுவனத்துக்கு நாங்கள் அனுப்பிய கேள்விகள். தொலைபேசியில் கேட்டபோது மேலாளர், “அதெல்லாம் ஆபீஸ்ல கேளுங்க சார்” என்று துண்டித்துவிட்டதால், அதே கேள்விகளை ஆசிரியர் சொல்லிப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருந்தோம். அந்தத் தபாலின் ஒப்புகை அட்டை நிறுவனத்தின் ரப்பர் முத்திரையோடு திரும்பி வந்திருந்தது. முத்திரைக்கு மேல் யாரோ ஒரு பெண் ஊழியர் நீல மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதியிருந்தார். ‘எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை’ என்பதுதான் புகாரின் ஆறாவது பத்தி. அந்த அட்டையைப் பார்த்ததும் வழக்கறிஞர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றுதான் முதன்முறையாக எங்களுக்குத் தேநீர் வாங்கித் தரச் சொன்னார். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி வந்ததை மட்டும் நம்பியிருக்கும் நண்பர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்லுவேன்.

மின்னணு ஆவணங்களுக்கு வேறு கவனம் வேண்டும். ஒலிப்பதிவு, புகைப்படம், குறுஞ்செய்தி எதுவாயினும் அதை நீதிமன்றத்தில் காட்ட, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்பட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் கணினிக் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய செல்பேசியை மாற்றித் தள்ளுபடி வாங்கும் ஆசையில் மூலப்பதிவு இருந்த கருவியையே கடையில் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வழக்குக்கு வாய்ப்புள்ள செய்தியென்றால் அந்தக் கருவி வீட்டில் இருக்கட்டும். குற்றவியல் அவதூறுக்கான காலவரம்பு மூன்றாண்டு என்பதால், குறைந்தது அதுவரையாவது எதையும் அழிக்க வேண்டாம்.

புகாரில் கட்டுரையோடு என் முகநூல் பதிவு ஒன்றும் தனி இணைப்பாக இருந்தது. கட்டுரையின் இணைப்பைப் பகிர்ந்து எழுதிய இரண்டு வரிகள்தான். கட்டுரையை ஆசிரியர் குழு படித்து, வழக்கறிஞர் பார்த்து, நிறுவனத்தின் பெயரில் வெளியிடுகிறார்கள். முகநூலில் நான் தனி ஆள். பிரிட்டனில் கரோல் காட்வாலடர் என்ற பத்திரிகையாளர் இதே நிலையை மிகப் பெரிய அளவில் அனுபவித்தார். பிரெக்சிட் பிரசாரத்துக்கு நிதியளித்த தொழிலதிபர் அரோன் பேங்க்ஸ், காட்வாலடர் எழுதிய பத்திரிகையை விட்டுவிட்டு, 2019-இல் அவர் ஆற்றிய டெட் உரையில் சொன்னதற்காகவும் அதையொட்டிய ட்விட்டர் பதிவுக்காகவும் அவர் மீது தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடர்ந்தார். 2022-இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், 2023-இல் மேல்முறையீட்டில் ஒரு பகுதி பேங்க்ஸுக்குச் சாதகமாகி, 35,000 பவுண்டு இழப்பீடும் அதைவிடப் பன்மடங்கான வழக்குச் செலவும் காட்வாலடர் தலையில் விழுந்தன. கருத்தரங்கம், யூடியூப் பேட்டி, முகநூல், இவற்றிலெல்லாம் அச்சில் வந்த வாசகத்தை மீறி ஒரு சொல்லும் சேர்க்காமல் இருப்பது என்பதை அந்த வழக்குக்குப் பின் வழக்கமாக்கிக்கொண்டேன். சுவாரசியம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

இணையத்தில் வெளியான கட்டுரைகளைத் திருத்துவதும் அப்படித்தான். பிலிப்பைன்ஸின் ராப்லர் தளத்தில் 2012 மே மாதம் ஒரு கட்டுரை வந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்தே அந்நாட்டில் இணைய அவதூறுச் சட்டம் இயற்றப்பட்டது. முன்பு வெளியான எழுத்துக்குப் பின்னால் வந்த சட்டம் எப்படிப் பொருந்தும்? 2014 பிப்ரவரியில் ஓர் ஆங்கிலச் சொல்லில் இருந்த எழுத்துப் பிழையை ராப்லர் திருத்தியிருந்தது. அது மறுவெளியீடு என்று வாதிடப்பட்டு, ஏற்கப்பட்டு, 2020 ஜூனில் ராப்லரின் நிறுவனர்களில் ஒருவரான மரியா ரெஸ்ஸாவும் முன்னாள் ஊழியர் ஒருவரும் குற்றவாளிகள் என்று மணிலா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ரெஸ்ஸாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் நீதிமன்றங்கள் இந்த வாதத்தை அப்படியே ஏற்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தேதியில், யார் சொல்லி, எதைத் திருத்தினோம் என்ற பதிவேடு ஒன்று இருந்தால், எதிர்த்தரப்பு அந்தத் திருத்தத்துக்குக் கற்பனையாக ஒரு நோக்கம் சூட்ட முடியாது. வாசகர் கருத்துகளுக்கும் ஒரு கண் வேண்டும்: மலேசியாகினி தளத்துக்கு 2021 பிப்ரவரியில் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது வாசகர்கள் எழுதிய சில கருத்துகளுக்காக, நீதிமன்ற அவமதிப்பு என்ற பெயரில். வாசகர்களே சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

நடுவர் மன்றத்தில் சாட்சி விசாரணைக்குக் காத்திருப்பதைவிட உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவதே சரி என்று எங்கள் வழக்கறிஞர் முடிவுசெய்தார். எதிரிகள் நடுவர் மன்றத்தின் எல்லைக்கு வெளியே வசித்தால், சம்மன் அனுப்பும் முன் நடுவர் ஒரு விசாரணை நடத்தியாக வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எங்கள் வழக்கில் அது நடக்கவில்லை. அதுவே முதல் காரணமாக எழுதப்பட்டது. அடுத்த காரணத்துக்குக் கைகொடுத்தது, மனு நிலுவையில் இருந்தபோது 2020 ஏப்ரலில் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு. கடற்கரை மணல் அள்ளுவது குறித்து எழுதிய சந்தியா ரவிசங்கர் மீதான அவதூறு வழக்கை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், செய்தியில் சிறு பிழைகள் நேர்ந்துவிடுவதாலேயே குற்ற வழக்குத் தொடர்வது நியாயமாகிவிடாது, பிழைக்கு ஓரளவு இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு எங்கள் வழக்கும் ரத்தானது. வெற்றிதான். ஆனால் நிறுவனம் எதற்காக வழக்குப் போட்டதோ அந்தக் காலம் அதற்குக் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு நடந்த காலம் முழுவதும் அந்தக் குவாரியைப் பற்றி எங்கள் இதழ் ஒரு வரி எழுதவில்லை, மற்ற இதழ்களும் எழுதவில்லை.

தனியார் தொடர்ந்த வழக்கைப் பற்றியே இதுவரை சொன்னேன். அரசே அவதூறு வழக்குப் போடும் மரபு தமிழ்நாட்டில் ஆழமானது. ஐந்தாண்டுகளில் 213 வழக்குகள் என்ற பட்டியலை 2016-இல் உச்ச நீதிமன்றம் பார்த்துவிட்டு, விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைய அரசுக்குச் சொல்ல நேர்ந்தது. முதலமைச்சரையோ அமைச்சரையோ அவர் வகிக்கும் பதவி தொடர்பாக விமர்சித்தால் அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய முடியும் என்ற ஏற்பாடுதான் இதற்கு வழி. அந்த வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் ரத்து செய்த நீதிபதி அப்துல் குத்தூஸ், அரசு சாதாரண மனிதரைப் போல் உணர்ச்சிவசப்படக் கூடாது, அரசு வழக்கறிஞர் வெறும் தபால் நிலையமாக இருக்கக் கூடாது என்றார். 2021-இல் பதவிக்கு வந்த அரசு பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. எந்த ஆட்சி வழக்குப் போடுகிறது, எந்த ஆட்சி திரும்பப் பெறுகிறது என்பதில் நமக்குப் பெரிதாக மகிழ ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் நக்கீரன் இதழின் ஆட்டோ சங்கர் தொடர் தொடர்பாக 1994-இல் வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு. வெளியாகப்போகும் எழுத்தை அவதூறு என்று ஊகித்து முன்கூட்டியே அரசு தடுக்க முடியாது. பொதுப்பதிவேடுகளின் அடிப்படையில் எழுதலாம். அதிகாரிகள் தம் பணி சார்ந்த செயல்களைப் பற்றிய எழுத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டது என்று நிறுவ வேண்டும். ஆவணங்களை முன்வைத்தே எழுதுங்கள் என்று பழைய ஆசிரியர்கள் ஓயாமல் சொன்னதற்குச் சட்டக் காரணம் இங்கே இருக்கிறது. அதே இதழின் ஆசிரியர் கோபால் 2018 அக்டோபரில், ஆளுநரைப் பற்றிய கட்டுரைக்காகத் தண்டனைச் சட்டத்தின் 124-ஆம் பிரிவில் கைதானபோது, சென்னை நடுவர் அவரைக் காவலில் வைக்க மறுத்து விடுவித்துவிட்டார். கைதானவரை முதன்முதலாக ஆஜர்படுத்தும் அந்த ஒரு மணி நேரத்தில் வாதாட ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. இரவு எந்நேரமும் எடுக்கக்கூடிய ஒரு வழக்கறிஞரின் எண்ணை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள்.

எழுத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடிக்கும் போக்கு இப்போது உலகெங்கும் வலுத்திருக்கிறது. இலங்கை 2002-இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. ஆனால் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ.ச.திசைநாயகம் 2009-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை பெற்றபோது, அவர் எழுதியவை மட்டுமல்ல, தம் இதழை நடத்தப் பணம் திரட்டியதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. உலகளவில் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2010-இல் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. ஹாங்காங்கில் ஆப்பிள் டெய்லி நாளிதழின் நிறுவனர் ஜிம்மி லாய்க்கு 2022-இல் விதிக்கப்பட்ட ஐந்தாண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை, அந்த நாளிதழின் அலுவலகக் கட்டடத்தின் குத்தகை நிபந்தனையை மறைத்த மோசடி என்ற பெயரில் வந்தது. நியூஸ்கிளிக் செய்தித்தளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபரில் கைதானதும் வெளிநாட்டுப் பணம் பற்றிய குற்றச்சாட்டில்தான். கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவில்லை என்பதால் அந்தக் கைது செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டு பேர் சேர்ந்து யூடியூப் அலைவரிசை நடத்தினாலும் அதற்குத் தனி வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, நன்கொடைக்கு ரசீது, அலுவலகத்துக்கு வாடகை ஒப்பந்தம் இருக்க வேண்டும். கைது என்று வந்தால் காரணங்களை எழுத்தில் கேட்க வேண்டும்.

மால்டா நாட்டுப் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017 அக்டோபரில் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் பலவற்றை அவருடைய குடும்பம் சுமக்க வேண்டியதாயிற்று. அவர் பெயரால் அழைக்கப்படும் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை 2024-இல் நிறைவேறியது. ஆதாரமற்ற வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவும், வழக்குச் செலவை வழக்குப் போட்டவர் தலையில் கட்டவும் அது வழிசெய்கிறது. ஆனால் நாட்டெல்லை கடந்த தன்மையுள்ள உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். நமக்கு அந்த மாதிரிச் சட்டம் இல்லை. இருப்பது, புதிய நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவு: தனிநபர் புகாரை நடுவர் விசாரணைக்கு ஏற்பதற்கு முன்பே எதிரியின் தரப்பைக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கின்போது இது இல்லை. இருந்திருந்தால் அந்த ஒப்புகை அட்டையை முதல் நாளே நீட்டியிருக்கலாம். ஆகவே 223-இன்கீழ் அறிவிப்பு வந்தால், ‘வாய்தா வாங்கிக்கலாம்’ என்று சொல்லும் வழக்கறிஞரைவிட அன்றைக்கே கோப்போடு எழுந்து நிற்கும் வழக்கறிஞரைத் தேடுங்கள்.

தகவல் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமை பற்றி நம்மிடையே தவறான நம்பிக்கை உண்டு. பத்திரிகை கவுன்சில் சட்டம் தரும் பாதுகாப்பு அந்தக் கவுன்சிலின் நடவடிக்கைகளுக்குள் மட்டுமே செல்லும். சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்குத் தருவதைப் போன்ற பாதுகாப்பைச் செய்தியாளருக்குத் தரவில்லை. எனவே தகவலாளியின் பெயர் தாளிலும் செல்பேசியிலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே வழி. குவாரிச் செய்தியில் உள்ளே இருந்து பேசியவரின் பெயர் எங்கள் கோப்பில் எங்குமே இல்லை. அவர் சொன்னதையெல்லாம் தகவல் அறியும் உரிமை மனுக்களாக மாற்றி, அரசு அலுவலகத்தின் வாயாலேயே சொல்லவைத்திருந்தோம்.

கடைசியாகத் தாலுகா நிருபர்களைப் பற்றி. சம்மன் வந்தபோது, ‘நான்காம் எதிரி எங்கள் ஊழியர் அல்லர்’ என்று எழுதிவிடலாம் என்ற யோசனை அலுவலகத்தில் எழுந்தது. அவரிடம் பணி நியமன ஆணை இல்லை, அடையாள அட்டையும் காலாவதியாகியிருந்தது. ஆசிரியர் பிடிவாதமாக நின்று, நால்வருக்கும் ஒரே வக்காலத்து என்று சொல்லியிருக்காவிட்டால் அவர் தனியாக ஆள் பிடித்திருக்க வேண்டும். அப்படிக் கைவிடப்பட்டவர்களைப் பல மாவட்டங்களில் அறிவேன். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இது எதிரிகளுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும்போதே, வழக்கு வந்தால் கட்டணம் யார் தருவார் என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவைப்பது நல்லது. எங்கள் நான்காம் எதிரி இப்போதும் மூன்று இதழ்களுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் செய்தி அனுப்புகிறார். வில்லங்கமான செய்தி என்றால், ‘இந்தச் செய்தியை எங்களுக்காக எடுத்துத் தாருங்கள்’ என்று செய்திப் பிரிவிலிருந்து ஒரு வரி எழுத்தில் வந்த பிறகே பைக்கை எடுக்கிறார். இரண்டு இடங்களில் அப்படி எழுதித் தருகிறார்கள். மற்ற இரண்டுக்கும் அவர் கோயில் திருவிழாவும் விபத்தும் மட்டும் அனுப்புகிறார்.